நரிக்கு ரெண்டு கை

ஃபர்சூட் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கார்ட்டூன் மிருகம் மாதிரி தலை, கை, வால் எல்லாம் தைச்சு மாட்டிக்கிட்டுத் திரியற பொழுதுபோக்கு. அமெரிக்காவுல ஆந்த்ரோகான்னு ஒரு பெரிய கூட்டம், 2006-லேர்ந்து பிட்ஸ்பர்க் நகரத்துல நடக்குது. அதுவும் கோடையில! ஏசி ஹாலா இருந்தாலும் உள்ள இருக்கறவன் வெந்துடுவான். அதனால நரிக்குக் கை தைக்க உக்காந்தப்பவே அழகெல்லாம் அப்புறம்னு முடிவு பண்ணிட்டேன். கையைக் கழட்டாம தண்ணி பாட்டில் மூடியைத் திறக்கணும். இதான் டெஸ்ட் கேஸ்.

முடித்துணியைக் கத்தரியால வெட்டினா ஓரமெல்லாம் மொட்டையாயிடும். திருப்பிப் போட்டு, பின்பக்கத் துணியை மட்டும் பிளேடால கீறணும். முடி விரல் நுனியைப் பாத்துப் படியணும். விரல் நாலுதான், மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரே வீட்டுல குடித்தனம்.

ரகளையே உள்ளங்கைக்குத்தான். முதல்ல ஃப்ளீஸ். தைக்க வெண்ணெய் மாதிரி இருந்துச்சு, ஆனா குளிர்ந்த பாட்டில் வழுக்கிட்டு ஓடிடுச்சு. அடுத்து ரெக்சின். ஊசி குத்தின ஓட்டை ஜென்மத்துக்கும் மூடாது, அதனால குண்டூசிக்கு பதிலா கிளிப். மிஷின் பாதத்துல ஒட்டிக்கிட்டு நகர மாட்டேன்னு அடம் பிடிச்சதுக்கு நடுவுல டிஷ்யூ பேப்பர். பிடிமானம் பரவாயில்ல, ஆனா காத்துப் போக வழியில்லாம பத்தே நிமிஷத்துல உள்ள ஒரே வேர்வை.

மூணாவது சிலிக்கான். பிடின்னா அதான் பிடி! என்ன, சாதாரணப் பசை எதுவும் அதுல ஒட்டாது, நேரா தைச்சா தையல் ஓட்டையிலேர்ந்தே கிழியும். அதனால ஈரமா இருக்கும்போதே வலைத்துணி மேல மெல்லிசா ஊத்தினேன். துணிக்குள்ள ஊறி இறுகினப்புறம், சிலிக்கான் படாத துணி ஓரத்தை மட்டும் தைச்சேன். முழு உள்ளங்கைக்கும் வேணாம், விரல் நுனியிலயும் நடுவுலயும் திட்டுத் திட்டா போதும். மத்த இடம் ஃப்ளீஸ், காத்து வரட்டும்.

விரலுக்குள்ள ஸ்பாஞ்ச் வெச்சா துவைச்சப்புறம் காயவே காயாது, பாலியஸ்டர் பஞ்சுதான் சரி. துவைக்கறது பச்சைத் தண்ணியில, காய வைக்கறது காத்துல. சூடு பட்டா முடி சுருண்டு பழைய மிதியடி ஆயிடும்.

பாட்டில் திறந்துடுச்சு! மூணு தடவை. போன் திரைதான் நரியை மதிக்கவே மாட்டேங்குது. மின்சாரம் கடத்தற நூல் கொஞ்சம் வாங்கி வெச்சிருக்கேன். உள்ள என் விரல்லேர்ந்து வெளிய நரி நகம் வரைக்கும் அதை எப்படி இழுக்கறதுன்னுதான் யோசனை.