நிழலோடு சண்டை

"உங்களுக்குப் பிடித்த நாவல் எது?" என்று கேட்கிற அன்பர்கள் அநேகர். "பிடித்த கம்ப்யூட்டர் விளையாட்டு எது?" என்று ஒருவராவது கேட்டதில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஆடி வருகிறேன். நாவல் எழுதச் செலவிட்ட நேரத்தைவிட அது அதிகமாகவே இருக்கும். ஆகையால் கேளாமலே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது டெட்ரிஸ். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்துக் கணிப்பு மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பாஜித்நோவ் செய்தது. அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 என்ற இயந்திரத்துக்குப் படம் போடத் தெரியாது. எழுத்துக்களை மட்டுமே காட்டும். மனிதர் அடைப்புக்குறிகளை அடுக்கியே கட்டங்களை உண்டாக்கிவிட்டார்! நாலு நாலு கட்டங்களால் ஆன ஏழு உருவங்கள் மேலேயிருந்து விழும். வரிசையை நிரப்பினால் அது மறைந்துவிடும். நீளக் குச்சி வருமென்று நம்பி, ஓரமாக ஓர் இடம் விட்டு வைத்திருப்பேன். நல்ல வரனுக்குக் காத்திருக்கும் பெண்ணைப் பெற்றவன் நிலைதான். வருவதெல்லாம் கோணல், குச்சி வரும்போது வாசலே அடைபட்டிருக்கும்.

ஆனாலும் என் மனத்தில் முதல் இடம் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வுக்குத்தான். ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர் ஆப்பிள் இரண்டு கம்ப்யூட்டருக்காகச் செய்தது, 1989-இல் வெளிவந்தது. தம் தம்பி டேவிட்டை ஓடச் சொல்லி, தாவச் சொல்லி, வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் பார்த்து இளவரசனை வரைந்தார். அறுபது நிமிஷத்துக்குள் ராஜகுமாரியை மீட்டாக வேண்டும்.

இதில் ஒரு நிழல் ஆசாமி உண்டு. இயந்திரத்தின் நினைவில் இன்னோர் உருவத்துக்கு இடம் இல்லாததால், கதாநாயகனின் உருவத்தையே கொஞ்சம் மாற்றி எதிரியாக்கிவிட்டார் மெக்னர். நாலாம் கட்டத்தில் இளவரசன் ஒரு கண்ணாடியை ஊடுருவித் தாவும்போது, மறுபக்கமாக இந்த நிழல் புறப்பட்டுப் போகும். பிறகு நாம் குடிக்க வேண்டிய மருந்தைத் தான் குடித்துவிடும். கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் விழச் செய்யும். பன்னிரண்டாம் கட்டத்தில் கத்தியோடு எதிரே நிற்கும்.

1991-இல் என் தம்பி கம்ப்யூட்டர் வாங்கினான். ராத்திரி முழுதும் மாறி மாறி ஆடுவோம். ஒரு வாரம் அந்த நிழலோடு மல்லாடினேன். அதை ஒரு வெட்டு வெட்டினால் என் உயிரும் ஒரு பங்கு குறைந்தது. கடைசியில் தம்பிதான் கண்டுபிடித்தான். "வாளை உறையில் போடு, அண்ணா!" என்றான். போட்டேன். நிழலும் போட்டது. இருவரும் நேருக்கு நேராக ஓடி, ஒருவராகிவிட்டோம்!

பல வருஷங்களுக்குப் பிறகு, அப்பா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரிப்பதில் எங்களுக்குள் மனஸ்தாபம் வந்தது. இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. வக்கீலுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அவனை நன்றாகவே வெட்டினேன். அன்றைக்கெல்லாம் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் பேத்தி கேட்டாளென்று பழைய விளையாட்டை எடுத்தேன். பன்னிரண்டாம் கட்டத்துக்கு வந்ததும் விரல் தானாக வாளை உறையில் போட்டது. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன். பேத்தி என்ன கட்டத்தை முடித்தாளோ, கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவன் கேட்டான்: "என்ன அண்ணா, வாளைப் போட்டுட்டியா?"

வீட்டு விவகாரம் இன்னும் தீரவில்லை. சாப்பாடு மட்டும் இறங்குகிறது.