பதினோராவது படம்

ஞாயிற்றுக்கிழமை மதியம். விடுதியில் சிக்கன் போடும் நாள். சாப்பிட்டுவிட்டு வந்த ஐந்து பேர் ஒரே அறையில் விழுந்து கிடக்கிறார்கள். மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் தேர்வு. புத்தகம் திறந்துதான் இருக்கிறது, ஆனால் பேச்சு சினிமா. (வேறென்ன பேசுவார்கள்?)

எப்படியோ அந்தக் கேள்வி வந்துவிட்டது. 2000-களில் வந்த தமிழ்ப் படங்களில் டாப் டென் எது?

திருச்சியில் ஒரு கல்லூரி விடுதி அது. ஐந்து பேரும் பி.காம். மூன்றாம் ஆண்டு. ஒருவன் மதுரை, ஒருவன் வியாசர்பாடி, ஒருவன் கோவை, ஒருவன் நாகர்கோவில், ஒருவன் பண்ருட்டிப் பக்கம். பெயர்கள் வேண்டாம், ஊரே போதும். அறையிலும் பாதி நேரம் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2000-ல் 'ஹே ராம்' வந்தபோது இந்த ஐவரில் ஒருவரும் பிறக்கவே இல்லை. 2008-ல் 'சுப்ரமணியபுரம்' வந்தபோது எல்கேஜி. தியேட்டரில் அழுதபடி பாதியில் வெளியே தூக்கிப் போகப்பட்ட வயது. ஆக, அவர்கள் வரிசைப்படுத்த உட்கார்ந்தது தாங்கள் வாழ்ந்த பத்தாண்டைக்கூட அல்ல, கே டிவியும் சன் டிவியும் வளர்த்துக் கொடுத்த பத்தாண்டை. அதனால் சண்டை குறைந்துவிடுமா என்ன? அதுதான் இல்லை.

முதல் சண்டை, பத்தாண்டு எங்கே ஆரம்பிக்கிறது என்பதில். வியாசர்பாடி செல்வராகவன் வெறியன். 2001 முதல் 2010 வரை என்றான். காரணம் கணிதம் இல்லை, 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' உள்ளே வரவேண்டும், அவ்வளவுதான். கோவை கமல் ரசிகன். 2000 முதல் 2009 வரை என்றான். காரணம் 'ஹே ராம்'. "பூஜ்யமாம் ஆண்டுன்னு ஒண்ணு இல்ல மச்சி, நியாயமா 2001-தான் ஆரம்பம்" என்று வியாசர்பாடி சொன்னது சரியான வாதம்தான். ஆனாலும் ஓட்டெடுப்பில் 3-2 என்று தோற்றான். சரியான வாதம் தோற்பது நாட்டில் புதிதா?

அடுத்து ரீமேக். 'கில்லி' (2004) தெலுங்கு 'ஒக்கடு' (2003) படத்தின் மறுஆக்கம், அதைச் சேர்க்கலாமா? 2024-ல் மறுபடி ரிலீஸ் செய்தபோது தியேட்டரில் நின்றுகொண்டே ஆடிய படத்தை எப்படி விடுவது என்று மதுரைக்காரன் கேட்டதும் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

கடைசியாக, உண்மையிலேயே கஷ்டமான கேள்வியை நாகர்கோவில்காரன் கேட்டான். "மக்கா, பிடிச்ச படம்னா கில்லி. சிறந்த படம்னா நான் கடவுள். எந்த லிஸ்ட் வேணும் உங்களுக்கு?"

நியாயமான கேள்வி. பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கித் தந்த படம் 'நான் கடவுள்' (2009). வசனம் ஜெயமோகன், அவனூர்க்காரர். ஆனால் அதை இரண்டாம் முறை பார்க்கத் துணிந்தவர் அந்த அறையில் இல்லை. கில்லியை எத்தனை முறை பார்த்தோம் என்று எண்ணி வைத்தவரும் இல்லை. கடைசியில் "திரும்பப் பாக்கணும்னு தோணுற படம்" என்று ஒரு சமரசம் வந்தது. நான் கடவுள் அங்கேயே அடிபட்டுப் போனது, பாவம்.

இனி மார்க். கோவைக்காரன் கணக்கில் புலி. காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டான். ஆளுக்குப் பத்துப் படம். முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 9, இப்படியே பத்தாமிடத்துக்கு 1. கூட்டிப் பார்த்தால் முடிந்தது. கைப்பேசியை மூடி வைத்துவிட்டு, அடுத்தவன் தாளைப் பார்க்காமல் எழுத வேண்டும். (தேர்வு அறையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.)

முடிவு இப்படி வந்தது: அன்பே சிவம் 41, புதுப்பேட்டை 34, சுப்ரமணியபுரம் 32, பிதாமகன் 30, கன்னத்தில் முத்தமிட்டால் 24, விருமாண்டி 23, கில்லி 22, ஹே ராம் 20, பருத்திவீரன் 15, அலைபாயுதே 12.

பார்த்ததும் கோவைக்காரனே முகம் சுளித்தான். அன்பே சிவத்தை ஒருவன்கூட முதலிடத்தில் எழுதவில்லை! மதுரைக்கு முதல் படம் சுப்ரமணியபுரம், வியாசர்பாடிக்கு புதுப்பேட்டை, கோவைக்கு ஹே ராம், நாகர்கோவிலுக்கு பிதாமகன். ஆனால் அன்பே சிவம் ஐந்து தாளிலும் இரண்டு, மூன்று, நான்கு என்று உட்கார்ந்திருந்தது. யாருக்கும் உயிர் இல்லை, எல்லோருக்கும் பிடிக்கும். கூட்டினால் அதுதான் ஜெயிக்கும். இந்த முறையின் குணமே அதுதான். ஒருவன் உயிரைக் கொடுப்பதைவிட ஐந்து பேர் தலையாட்டுவதற்கு மார்க் அதிகம்.

இதே படம் 2003 பொங்கலுக்கு வந்தபோது கதை தலைகீழ். அந்தப் பொங்கலில் வசூலை அள்ளியது விக்ரமின் 'தூள்'. இரண்டுக்கும் இசை வித்யாசாகர்தான். புவனேஸ்வரத்தில் மழையில் மாட்டிக்கொண்ட ஒரு விளம்பரப்பட இயக்குநரும், முகமெல்லாம் தழும்போடு ஒரு கம்யூனிஸ்ட்டும் பேசிக்கொண்டே ஊர் திரும்பும் கதை அன்று கூட்டத்தை இழுக்கவில்லை. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. இன்று பட்டியலில் தூளைக் காணவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் ஒரு பட்டியல் போட்டால், டிவி பார்த்து வளர்ந்தவர்கள் வேறு பட்டியல் போடுகிறார்கள்.

இதெல்லாம் பேசி முடிக்கும்போதுதான் ஐந்தாவது தாளை யாரோ கவனித்தார்கள். பண்ருட்டிக்காரன் முதலிடத்தில் எழுதியிருந்தது 'அழகி'. மற்ற நான்கு பேரின் தாளிலும் அந்தப் பெயரே இல்லை. பத்து மார்க். பதினோராவது இடம். இரண்டு மார்க்கில் அலைபாயுதேவிடம் தோற்றிருந்தது.

"டேய், அழகியா? பார்த்திபன் படமா?" என்றான் வியாசர்பாடி.

விசாரித்தால், நான்கு பேரில் ஒருவனும் அதை முழுதாகப் பார்த்ததில்லை. பாட்டு தெரியும், இளையராஜா தெரியும், சேனல் மாற்றும்போது பத்து நிமிடம் பார்த்த நினைவு, அவ்வளவே.

மதுரைக்காரன் நல்லவன். "இரு மாப்ள, என் பத்தாவது படத்தை எடுத்துட்டு அழகியைப் போட்டுடறேன். இன்னும் ரெண்டு பேரு அதே மாதிரி மாத்தினா உள்ள வந்துடும்" என்றான்.

"வேணாம்டா. பாக்காத படத்துக்கு மார்க் போடாதீங்க" என்றான் பண்ருட்டி. கோபமில்லாமல்தான் சொன்னான்.

கணக்குப் படிப்பவர்களுக்கு இது உறைக்க வேண்டிய விஷயம். ஒரு பொருளை விற்றும் வரவு பூஜ்யமாக இருப்பது வேறு, அந்தப் பொருளைக் கடையிலேயே வைக்காதது வேறு. பட்டியல் இரண்டையும் ஒரே பூஜ்யமாக எழுதிக்கொள்கிறது. நான்கு பேருக்குப் பிடிக்காமல் அழகி தோற்கவில்லை. நான்கு பேர் பார்க்காமல் தோற்றது.

"அப்படி என்னதான்டா இருக்கு அந்தப் படத்துல?" என்று நாகர்கோவில் கேட்டான்.

'அழகி' 2002-ல் வந்தது. தங்கர் பச்சான் தன் 'கல்வெட்டு' சிறுகதையைத்தான் படமாக்கினார். பண்ருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டைக்காரர். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்த இருவர். சண்முகம் படித்து சென்னையில் மனைவி, பிள்ளைகள் என்று வசதியாக இருக்கிறான். தனலட்சுமி அதே சென்னையில் மகனோடு நடைபாதையில் இருக்கிறாள். பிறகு அவன் வீட்டுக்கே வேலைக்கு வருகிறாள். எல்லோரும் அதைக் காதல் படம் என்றுதான் சொல்வார்கள்.

பண்ருட்டிக்காரன் அப்படிச் சொல்லவில்லை.

"எங்கம்மா எட்டாவது வரைக்கும் ஃபர்ஸ்ட் ரேங்க். அப்புறம் நிறுத்திட்டாங்க. கூடப் படிச்சு ரெண்டாவது ரேங்க் எடுத்தவரு இப்ப பக்கத்து ஊர் ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர். அந்த ஸ்கூல் வழியாதான் எங்கம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாங்க. அவரு நல்ல மனுஷன்டா. பார்த்தா வண்டியை நிறுத்தி, பையன் என்ன படிக்கிறான்னு கேப்பாரு. காதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. டிவில அழகி போட்டா எங்கம்மா பள்ளிக்கூட சீன் முடியற வரைக்கும் பாப்பாங்க. அதுக்கப்புறம் சட்டி கழுவணும்னு எழுந்து போயிடுவாங்க. ஒரு தடவைகூட முழுசாப் பாத்ததில்ல."

அறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது.

அதுவரை பட்டியலில் இருந்த பத்துப் படங்களையும் அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று யோசித்தால் ஒன்று புரியும். விருமாண்டி என்றால் ஒரே கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும் உத்தி. பிதாமகன் என்றால் விக்ரமின் தேசிய விருது. கன்னத்தில் முத்தமிட்டால் என்றால் ஆறு தேசிய விருதுகள். எல்லாமே சரியான தகவல். ஆனால் எல்லாமே படத்தைப் பற்றிய தகவல். படம் தன் வீட்டில் என்ன செய்தது என்று சொன்னவன் இவன் ஒருவன்தான். மற்றவர்களிடமும் அப்படி ஏதாவது இருந்திருக்கும். மார்க் கட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேரும் ஒரு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து அழகியைப் பார்த்தார்கள். தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. :-) வியாசர்பாடிக்கு இரண்டாம் பாதி இழுவையாக இருந்தது, அதை மறைக்காமல் சொன்னான். நாகர்கோவில்காரன் நந்திதா தாஸ் வரும் காட்சிகளில் வாயே திறக்கவில்லை. கோவைக்காரன் முடிந்ததும் நோட்டை எடுத்தான். திரும்பவும் மார்க் போடலாமா என்று கேட்டான்.

"விடுடா, லிஸ்ட் அப்படியே இருக்கட்டும்" என்றான் பண்ருட்டிக்காரன். "பதினொண்ணுன்னு மட்டும் எழுதிக்கோ."

எழுதினான். பத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே: 11. அழகி – 10.

மறுநாள் தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும்போது மதுரைக்காரன் பண்ருட்டிக்காரன் பக்கத்தில் வந்து நடந்தான்.

"நேத்து ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணேன் மாப்ள. எங்கம்மா எத்தனாவது வரைக்கும் படிச்சாங்கன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாதுடா."

"எத்தனாவது?"

"ஆறாவது."

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. டீக்கடைக்குப் போனபோது வியாசர்பாடி அங்கே ஏற்கெனவே ஆரம்பித்திருந்தான், அடுத்து 90-கள் என்று.