கேட்கும் செவி

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்தில், கதை நடத்தும் பொறுப்பு நம்முடையதாயிற்று. அரியணைப் போரொன்றைப் பல இரவுகள் எழுதி வைத்திருந்தோம். ஆட வந்த இளைஞர் ஒருவரோ, வழியில் தோன்றிய படகோட்டியின் தொலைந்த மகளைப் பற்றியே கேட்டார். அவரைப் போருக்கே இழுத்தோம். அவர் மௌனமானார், மறுவாரம் வரவில்லை.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் நடத்திய 'பிளாக்மூர்' ஆட்டத்திலும், ஆடுவோர் கோட்டையைக் காப்பதை விடுத்து அதன் அடியிலிருந்த சுரங்கங்களையே நாடினர். கோட்டை பகைவர் வசமானது. நாடிழந்தோரின் புதுக்கதையாக ஆட்டம் தொடர்ந்தது. 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்திற்கு அதுவும் ஒரு வேர்.

நாமும் போரின் காரணத்தை அம்மகளிடமே வைத்து, இளைஞரை மீண்டும் அழைத்தோம். வந்தார். இம்முறை அவர் கேட்கும்வரை காத்திருந்தோம்.