நான் கழற்றிய ரெமிங்டன்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தமிழ் டைப்ரைட்டரை நான் கழற்றிப் போட்டேன். பழுது பார்ப்பதற்காக அல்ல, இன்னொரு மிஷினை அழகாக்குவதற்காக. பிள்ளைகள் அதில் அடித்துப் பழகுவார்கள் என்று வாக்குக் கொடுத்து வாங்கி வந்த மிஷின் அது.

ராமநாதபுரத்தில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டை மூடினார்கள். நடத்தியவருக்கு வயதாகிவிட்டது. பழைய இரும்புக்காரர் தராசோடு வந்து நின்றிருந்தார். நான் குறுக்கே போய், "ஐயா, எங்க தேவிபட்டினத்துப் பிள்ளைங்க பஸ் ஏறி வந்துதான் படிக்குதுங்க. எங்க வீட்டுத் திண்ணையில போட்டுடறேன், காசில்லாம அடிச்சுப் பழகட்டும்" என்றேன். ஐயா, இரும்புக்காரர் சொன்ன விலையைவிடக் குறைத்து என்னிடம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மிஷினையும் துணியால் துடைத்து வண்டியில் ஏற்றிவிட்டார். திண்ணையில் ஒன்றைக்கூட நான் போடவில்லை. அத்தனையும் உள்ளறைக்குப் போய்ப் பூட்டிக்கொண்டன.

தமிழ் மிஷின் மேல் எனக்குள்ள பித்துக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன ஆர். முத்தையா, நம்முடைய 247 எழுத்துக்களையும் சில பத்து விசைகளுக்குள் அடக்க வழி கண்டவர். புள்ளிக்கான விசையை அழுத்திப் பாருங்கள். தாளில் புள்ளி விழும், ஆனால் தாளைத் தாங்கும் கேரேஜ் நகராது. அடுத்து 'க' அடித்தால் அந்தப் புள்ளிக்குக் கீழே எழுத்து வந்து உட்காரும், அதன் பிறகுதான் கேரேஜ் ஓர் எழுத்தளவு நகரும். 'க்' பிறந்துவிடும். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பிறகு வைக்கிற புள்ளியை இங்கே முதலில் வைக்க வேண்டும். விரல் அதற்குப் பழகிவிட்டால் பிறகு மறப்பதில்லை. இவ்வளவு தெரிந்தவன்தான் நான்.

என்னிடம் இன்ஸ்டிடியூட் மிஷின்களுக்கு முன்பே கறுப்பு ரெமிங்டன் ஒன்று இருந்தது. பார்க்க அவ்வளவு லட்சணம். ஆனால் ரோலர் ரப்பர் கல்லாகி, தாளைப் பிடிக்காமல் வழுக்கியது. கேரேஜை இழுக்கும் பட்டையும் அறுந்துபோயிருந்தது. புது உதிரிபாகத்துக்கு எங்கே போவது? 1955-ல் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்த கோத்ரெஜ்கூட 2009-ல் நிறுத்திவிட்டது. ஒரு மிஷின் பிழைக்க இன்னொன்று சாகவேண்டும் என்பதுதான் நிலைமை. செத்த மிஷினைத் தேடிப் போயிருக்கலாம், மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்ததில் அதே ரகம் ஒன்று இருந்தது. அதன் ரோலரையும் பட்டையையும் ஒரே ராத்திரியில் உருவிவிட்டேன்.

அதே வாரம்தான் பக்கத்துத் தெருப் பெண் வந்தாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். தமிழ் ஹையர் தட்டச்சுப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் தட்டச்சர் வேலைக்குப் போகிறவர்களில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்குத்தான் முதல் இடம். ஆங்கிலத்தை முடித்திருந்தாள். தமிழ் ஹையரில் ஸ்பீடு தாளுக்கு 10 நிமிடம். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷம் கழித்தும் அந்தப் பரீட்சையை டைப்ரைட்டரில்தான் எழுதவேண்டியிருந்தது. வேறொரு இன்ஸ்டிடியூட்டில் ஒரு மணி நேரம் அடித்துவிட்டு பஸ் ஏறினால் மறுநாள்தான் மறுபடி விசையைத் தொட முடியும்.

"மாமா, ஒரு மிஷின் மட்டும் குடுங்க. இங்கேயே உக்காந்து அடிச்சுட்டுப் போயிடறேன்" என்றாள்.

"எல்லாம் ரிப்பேரும்மா" என்றேன்.

பொய். உள்ளே நல்ல நிலையில் வேறு மிஷின்கள் இருந்தன. அவளுக்குக் கொடுத்தால் விசையில் எழுத்துத் தேயும், ஓரம் கீறும், அடுத்து இன்னொரு பிள்ளை வரும் என்று நினைத்தேன். அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், "சரி மாமா" என்று போய்விட்டாள். அந்தத் தடவை ஸ்பீடில் அவள் தேறவில்லை. மிஷின் கொடுத்திருந்தால் தேறியிருப்பாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. கொடுக்காததற்கு அது சமாதானமாகாது.

பூட்டி வைத்ததாவது பிழைத்ததா என்றால், அதுவும் இல்லை. எங்கள் ஊரில் நவபாஷாணக் கற்கள் நிற்பதே கடலுக்குள். கரையிலிருந்து நாலு எட்டில் என் வீடு. வாடை வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியே உப்புப் பூக்கும். தினம் பத்துப் பேர் அடித்துக்கொண்டிருந்தால் டைப் கம்பிகள் தாமே வழவழப்பாக இருக்கும். தூசியைத் தட்டவும் ரிப்பனை மாற்றவும் யாராவது மூடியைத் திறப்பார்கள். நானோ துரு பிடிக்கக்கூடாது என்று எண்ணெயை ஊற்றி, உறை போட்டுப் பூட்டினேன். டைப் கம்பிகள் வந்து சேரும் அந்த வளைந்த பல்வரிசையில் எண்ணெயே விடக்கூடாது. அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மறுபடி திறந்தபோது ஒரு மிஷினில் 'ம' மேலே போய் அப்படியே நின்றது. விரலால்தான் இறக்கிவிட்டேன்.

இப்போது ரோலரையும் பட்டையையும் பழையபடி அதனதன் இடத்தில் மாட்டிவிட்டேன். கறுப்பு ரெமிங்டன் மறுபடி ஓடாத மிஷின்தான், அப்படியே இருக்கட்டும். மண்ணெண்ணெயும் பல்துலக்கும் பிரஷும் வைத்துப் பிசினைச் சுரண்டுகிறேன். ஓடுகிறவற்றைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவள் இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

இன்ஸ்டிடியூட் நடத்திய ஐயா பொங்கலுக்குப் போன் செய்தபோது, "பிள்ளைங்க அடிக்கிறாங்களா தம்பி?" என்று கேட்டார். "அடிக்கிறாங்க ஐயா" என்றேன். அன்றைக்குத் திண்ணை காலி. இது அச்சில் வந்த பிறகு அவர் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போகிறேன்.