“சரி” என்று சொல்லிவிடாதீர்கள்!

போன மாதம் ஒரு சாயங்காலம். அடுப்பில் குக்கர், கையில் போன். எழுபத்து நாலு வயதான என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி போடுவது என் பொறுப்பு. அன்று மத்தியானம் திடீரென்று சர்க்கரை குறைந்து, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கிவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சமாளித்தேன். ராத்திரி ஊசி எவ்வளவு போடுவது என்று டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பதில் சொல்லவும் குக்கர் விசில் அடிக்கவும் சரியாக இருந்தது. “பதினாறு யூனிட்” என்று என் காதில் விழுந்தது. “சரி டாக்டர்” என்று வைத்துவிட்டேன்.

ஊசியில் மருந்தை ஏற்றும்போது அத்தை கேட்டார்: “ஏம்மா, வழக்கமா பன்னிரண்டுதானே? சர்க்கரை இறங்கிப்போச்சுன்னு சொல்லிட்டு மருந்தைக் கூட்டறயே?”

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போன் செய்தேன். “ஆறும்மா, ஆறு! பன்னிரண்டிலே பாதி!” என்றார் டாக்டர். பதினாறு போட்டிருந்தால் தூக்கத்திலேயே என்ன ஆகியிருக்குமோ! அன்றிரவு நான் கண் மூடவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொல்லி அழுதேன். “அக்கா, என் ரேடியோ ஞாபகமிருக்கா?” என்றான். போன வருஷம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, விமானிகளும் கண்ட்ரோல் டவரும் பேசுவதைக் கேட்க ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தான். ஒரே கரகரப்பு! “இத்தனை கோடி ரூபாய் விமானத்திலே ஒரு நல்ல ரேடியோ கிடையாதாடா?” என்று அப்போது கேலி செய்தேன்.

கரகரப்புக்குக் காரணம் இருக்கிறதாம். இன்றைக்கும் விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில், பழைய ஏ.எம். முறையில்தான் போகிறது. உலகம் பூராவும் அதே கருவி இருப்பதால் சுலபத்தில் மாற்ற முடியாது. எஃப்.எம். என்றால் குரல் தெளிவாக இருக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால், வலுவான குரல் மட்டும் கேட்டு மற்றது அமுங்கிவிடும். ஏ.எம்.மில் இரண்டும் மோதி ‘கீச்’சென்று விசில் அடிக்கும். யாரோ குறுக்கே பேசினார்கள் என்பதாவது தெரியும்.

அந்த விசிலும் ஒரு தடவை காலை வாரிவிட்டது. 1977 மார்ச் 27. ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவு விமான நிலையம். ஒரே மூடுபனி. கே.எல்.எம்., பான் ஆம் என்ற இரண்டு கம்பெனிகளின் ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில். கே.எல்.எம். விமானம் அனுமதி கிடைப்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது. டவரில் இருந்தவர் “ஓ.கே.” என்று சொல்லிவிட்டு, “காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்” என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானி, “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்” என்றார். இரண்டும் மோதின. கே.எல்.எம். விமானிகள் காதில் தெளிவாக விழுந்தது அந்த “ஓ.கே.” மட்டுந்தான். மீதியெல்லாம் விசில். 583 பேர் மாண்டார்கள்.

கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அங்கே “ஓ.கே.”, இங்கே என் “சரி”!

அதற்குப் பிறகு பேச்சு முறையை இறுக்கிவிட்டார்களாம். “டேக் ஆஃப்” என்ற வார்த்தையை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர டவர் சொல்லக்கூடாது. முக்கியமான உத்தரவுக்கு “ஓ.கே.” என்பது பதிலே இல்லை, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். டவரும் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தப்பென்றால் திருத்த வேண்டும். எண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். ஒன்பதை “நைன்” என்றால் “ஃபைவ்” மாதிரிக் கேட்கும் என்று “நைனர்” என்பார்கள். சத்தம் நன்றாக இல்லாவிட்டாலும் செய்தி கெடாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

நம் வீட்டுப் போன் மட்டும் என்ன வாழ்கிறது? மிக்ஸி, டி.வி., குழந்தையின் அழுகை! குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து “அரை” ஸ்பூனா, “ஆறு” மில்லியா என்று எத்தனை அம்மாக்கள் குழம்பியிருப்பார்கள்! இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மருந்து விஷயம் பேசுமுன் அடுப்பை அணைப்பேன். சொன்னதைக் காகிதத்தில் எழுதி, மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் டாக்டரிடம் திருப்பிப் படிப்பேன். பதினாறு என்றால் “ஒண்ணு, ஆறு, பதினாறுதானே?” என்று கேட்பேன். அவர் “ஆமாம்” என்ற பிறகுதான் போனை வைப்பேன்.

டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது அவரே, “எங்கே, திருப்பிச் சொல்லுங்கம்மா” என்கிறார். அத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்: “என்னம்மா, விமானம் கிளம்பலாமா?”