பூஜ்ஜியத்தில் இருந்து ஒரு கார்

காலை நிகழ்ச்சிக்கு என்னை மாற்றியதும் எல்லாரும் வாழ்த்தினார்கள். என் மனத்தில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: விடியற்காலை ஐந்து மணிக்குள் நிலையத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது? நிகழ்ச்சி ஆறு மணிக்கு. எல்.ஆர்.டி.யும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் ஓடத் தொடங்கும். கிள்ளானில் இருந்து தினமும் கிராப் எடுத்தால் சம்பளத்தில் பெரிய துண்டு விழும்.

ஏழு வருடம் கோலாலம்பூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு இருந்தேன். கார் தேவைப்படவே இல்லை. அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் என்று தெரிந்த பிறகு கிள்ளான் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அவருடைய மைவி வாசலில் நின்றது. "எனக்கு இனிமே எதுக்கு? நீயே எடுத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்தார். கார் கிடைத்துவிட்டது. காப்புறுதிதான் கிடைக்கவில்லை; அதாவது, என் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கவில்லை.

முகவர் கணக்குப் போட்டுக் காட்டியபோது அப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. அதே கார், அதே வீடு. ஆனால் அவர் கட்டி வந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். "முப்பது வருஷமா ஒரு கிளேய்ம்கூடப் போட்டதில்லையே!" என்றார்.

காரணம் என்.சி.டி. விபத்துக்கு இழப்பீடு கோராமல் ஓட்டுபவர்களுக்குக் கிடைக்கும் கழிவு அது. தனியார் கார்களுக்கு முதல் ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்து ஆண்டுகள் முடிந்தால் 55. அடிப்படைக் கட்டணம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அப்பா 450 கட்டுவார். நான் ஆயிரத்தையும் கட்ட வேண்டும். அந்தக் கழிவு காருக்குச் சொந்தமானதில்லை, காப்புறுதி எடுத்தவருக்குச் சொந்தம். ஒருவர் சேர்த்ததை இன்னொருவருக்கு அப்படியே எழுதிக் கொடுக்க முடியாது.

ஏழு வருடம் ஓட்டாமல் இருந்ததற்கு யாரும் எனக்குத் தனியாக அபராதம் போடவில்லை. முன்பு நான் ஓட்டியதும் அப்பாவின் காரைத்தான். காப்புறுதி எப்போதுமே அவர் பெயரில். ஆகவே காப்புறுதி நிறுவனங்களின் பதிவில் நான் இப்போதுதான் பிறந்திருக்கிறேன். வயது முப்பத்து நான்கு, என்.சி.டி. பூஜ்ஜியம். நல்ல வேளையாக ஓட்டுநர் உரிமத்தை விடாமல் புதுப்பித்து வந்தேன். அது காலாவதியாகி மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் மறுபடியும் தேர்வு எழுதி, 'எல்' அட்டையில் இருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

முகவர் ஒரு வழி சொன்னார். "கார் ஐயா பேர்லயே இருக்கட்டும்மா. உங்க பேரை ஓட்டுநராச் சேர்த்துக்கலாம். 55 அப்படியே இருக்கும்." இதில் கள்ளம் எதுவும் இல்லை. வழக்கமாக யார் ஓட்டுகிறார் என்பதை நிறுவனத்திடம் மறைக்காதவரை, பல குடும்பங்கள் செய்வதுதான். எனக்கும் ஆசை வந்தது. மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பாதான் பேச்சை எடுத்தார். "நான் இருக்கிற வரைக்கும் சரிமா. அப்புறம்?" அம்மா அதட்டினார். அவர் விடவில்லை. "அஞ்சு வருஷம் என் பேர்ல ஓட்டினாலும் உனக்கு அதே பூஜ்ஜியம்தானே? அன்னிக்கு ஆரம்பிக்கிறதை இன்னிக்கே ஆரம்பி."

அவர் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. என் தவறால் விபத்து நடந்து, காரைச் சரிசெய்ய இழப்பீடு கோரினால், அவருடைய 55 ஒரே நாளில் பூஜ்ஜியமாகிவிடும். ஓட்டப் பழக்கம் விட்டுப்போன மகளுக்காக முப்பது வருட நல்ல பெயரை அடகு வைப்பதா? என் பெயரிலேயே எடுப்பது என்று முடிவு செய்தேன். பெயர் மாற்றத்துக்காகச் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு அப்பாவும் கூடவே வந்தார்.

இனி விலையைக் குறைக்கும் வேலை. முழுக் காப்புறுதிக்கு ஒரே விலை என்ற காலம் 2017 ஜூலையோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தானே விலை வைக்கிறது. ஒரே நாளில் ஐந்து இடங்களில் விலை கேட்டேன், தக்காஃபுல் உட்பட. அது முஸ்லிம்களுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம்; யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதிக விலைக்கும் குறைந்த விலைக்கும் 310 வெள்ளி வித்தியாசம். முகவர் இல்லாமல் நேரடியாக எடுத்தால் 10 விழுக்காடு தள்ளுபடி தரும் நிறுவனங்களும் உண்டு.

காப்புத் தொகையைக் குறைத்துப் போட்டால் கட்டணம் குறையும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அந்தப் பக்கம் நான் போகவில்லை. சந்தையில் 30,000 வெள்ளி பெறும் காருக்கு 20,000 மட்டும் போட்டால், நிறுவனத்தின் கணக்கில் மீதி மூன்றில் ஒரு பங்கு நம் பொறுப்பு. 6,000 வெள்ளிக்குப் பழுதுபார்த்தால் 4,000தான் கைக்கு வரும். அடி விழுந்த நாளில்தான் அது தெரியவரும்.

மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்தை மட்டும் ஈடுகட்டும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மிகவும் மலிவு. பழைய கார் வைத்திருப்போருக்குப் போதுமானதாக இருக்கலாம். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏழு வருடம் கழித்து இறங்கும் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

கூடுதல் பாதுகாப்புகளில் வெள்ளத்தை மட்டும் விடவில்லை. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரை வரை மூழ்கிய கார்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓட்டுநர் பட்டியலில் தம்பியின் பெயரைச் சேர்த்தேன். பட்டியலில் பெயர் இல்லாதவர் ஓட்டி மோதினால், இழப்பீட்டில் முதல் 400 வெள்ளி நம் கையைக் கடிக்கும். பணத்தைக் கட்டும் முன் பட்டியலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தன் பெயர் இல்லாததைக் கவனித்தார். "சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி ஓட்டுநர் பயிற்சி மையத்துக்குப் போனது. ஆறு மணி நேரம் மறுபயிற்சி எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்த ஆசிரியர் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை, "கண்ணாடியைப் பாருங்க." காப்புறுதி விளம்பரங்களின் கடைசியில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று வேகமாக வாசித்துத் தள்ளுவது என் தொழில். என் நிபந்தனைகளை மட்டும் மெதுவாக, இரண்டு முறை வாசித்தேன்.

போன மாதம் முதல் புதுப்பிப்பு வந்தது. என்.சி.டி. 25 விழுக்காடு. கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். என் பள்ளித் தேர்ச்சி அறிக்கையைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு வருஷம். மெதுவா ஓட்டு" என்றார்.