புறம்போக்கில் ஒரு ஸ்டூடியோ

விண்டோஸிலேயே இருப்பதா, மேக்குக்கு மாறுவதா? இசைப்பதிவு சாஃப்ட்வேரில் க்யூபேஸை விட்டுவிட்டு லாஜிக்குக்குப் போய்விடலாமா? இந்தக் கேள்வியை நான் கேட்காத ஆள் இல்லை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் கீபோர்டு புரோகிராமிங் செய்யும் நண்பர்கள், மிக்ஸிங் எஞ்சினியர்கள், ஆடியோ சாமான் விற்கும் கடைக்காரர், யாரையும் விட்டதில்லை. எல்லாரும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். சிலர் தங்கள் ஸ்டூடியோவுக்கே கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார்கள். அவர்கள் எதைச் சொன்னாலும் பதிலுக்கு என்னிடம் ஓர் 'ஆனால்' தயாராக இருந்தது.

அவர்களின் நேரத்தை வீணடித்தேன். நான் கேட்டது என்னுடைய கேள்வியே இல்லை. என் கம்ப்யூட்டரில் இசைக்காக இருந்த சாஃப்ட்வேர் ஒன்றைக்கூட நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. க்யூபேஸ், சாம்பிளர், சிந்தசைசர், ரிவெர்ப், கம்ப்ரெஸர் எல்லாமே கிராக். மேக்குக்கு மாற முடியாததற்கு அது ஒன்றுதான் காரணம். அதை வெளியே சொல்ல முடியாததால் தொழில்நுட்பம் பேசினேன்.

நன்றாகவே பேசினேன், அதையும் சொல்ல வேண்டும். லாஜிக் முதலில் ஆப்பிளுடையது இல்லை, எமேஜிக் என்ற ஜெர்மன் நிறுவனத்துடையது, விண்டோஸிலும் ஓடிக்கொண்டிருந்தது, 2002இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கிய கையோடு விண்டோஸ் லாஜிக்கை நிறுத்தியது என்று ஆரம்பிப்பேன். "அன்னைக்கு விண்டோஸ்காரனை நடுத்தெருவுல விட்டவங்க, நாளைக்கு நம்மளை விடமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?" என்று முடிப்பேன். 2019இல் வந்த மேக் கேட்டலீனாவில் 32 பிட் பிளக்இன் எதுவும் ஓடவில்லை என்பேன். 2020 கடைசியில் எம்1 சிப் வந்தபோது பலரும் தங்கள் பிளக்இன்கள் புதிய சிப்புக்குத் தயாராகும்வரை, பழைய சாஃப்ட்வேரை ஓட்டித்தரும் ரொசெட்டாவை வைத்துச் சமாளித்தார்கள் என்பேன். லாஜிக்கில் விஎஸ்டி வகை பிளக்இன் போட முடியாது, ஏயூ வகை மட்டும்தான். லேட்டன்ஸி, அதாவது சத்தம் வரும் தாமதம் பற்றிப் பேச்சு வந்தால் போச்சு: 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிசெகண்டு, அதை விண்டோஸில் ஏசியோ டிரைவரை வைத்து நானே சாதிக்கிறேன், அப்புறம் எதற்கு மேக்? இதில் ஒன்றும் பொய் இல்லை. அத்தனையும் உண்மை என்பதால்தான் யாராலும் என்னைப் பிடிக்க முடியவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் கிடையாது. க்யூபேஸ் 5 வந்தது 2009இல். முறையாக வாங்கினால் கூடவே யூஎஸ்பி டாங்கிள் ஒன்று வரும், அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். டாங்கிள் இல்லாமல் திறக்கிற பிரதி எனக்குக் கிடைத்தது. ஒரு சீனியர் வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஹார்டு டிஸ்க்கில் காப்பி போட்டுக்கொண்டு விடியற்காலையில் பைக்கில் வந்தேன். அப்போது நான் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் அதன் விலையைக் கேட்கவே தைரியம் இருந்திருக்காது. அந்த வயதுக்கு அந்தச் சமாதானம் போதுமானதாக இருந்தது. எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகுதான்.

பிறகு பணம் வந்தது. சீரியல் பின்னணி, நகைக்கடை விளம்பரம், பக்திப் பாடல் தொகுப்புகள் என்று வேலை வந்தது. மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கினேன். நல்ல மைக், 88 கட்டை கீபோர்டு, சுவருக்கு அக்கூஸ்டிக் பேனல், வருகிறவர்கள் உட்கார லெதர் சோபா. சாஃப்ட்வேர் மட்டும் அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. ஸ்டூடியோவுக்கு வருகிறவர் கண்ணில் படுவதையெல்லாம் வாங்கினேன், படாததையெல்லாம் திருடினேன். இவ்வளவு பச்சையாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது சமீபத்தில்தான்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. என்னிடம் கற்றுக்கொள்ள வந்த பையன்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பேன். "ரெக்கார்டிங் மெஷினை நெட்ல கனெக்ட் பண்ணாதே. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திடு. ஓடுற மெஷினைத் தொடாதே." உலகம் முழுக்க ஸ்டூடியோக்காரர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் நெட்டைத் தொட்டால் லைசென்ஸ் சோதனையில் மாட்டிக்கொள்ளும் என்ற பயம்தான் என் காரணம். திருடனின் எச்சரிக்கையைக் குருவின் அனுபவம்போலச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கேட்டு வளர்ந்தவர்களில் சிலர் இன்று தங்கள் சீடர்களுக்கு அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்ற அறிவிப்புதான் என்னை நெருக்கியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். என் பெட்டி அதற்கு முந்தையது. எப்படியும் புதிய கம்ப்யூட்டர் வாங்கியாக வேண்டும், வாங்குவதுதான் வாங்குகிறோம், எதை வாங்குவது? ஊர் முழுக்க நான் அபிப்பிராயம் கேட்கக் கிளம்பியது அப்போதுதான்.

என் உதவியாளனுக்கு மதுரைப் பக்கம். கணக்கில் புலி, பேச்சு குறைவு. என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தான். "அண்ணே, இதுல குழப்பமே இல்ல. உங்க பிளக்இனுக்கெல்லாம் எந்தெந்த அக்கவுண்ட், என்ன சீரியல் நம்பர்னு மட்டும் சொல்லுங்க. முக்காவாசி கம்பெனி ஒரே லைசென்ஸுக்கு விண்டோஸ், மேக் ரெண்டு இன்ஸ்டாலரும் தர்றான். ஒரு ராத்திரில எல்லாத்தையும் எறக்கிரலாம்."

அவன் சொன்னது சரி. காசு கொடுத்தவனுக்கு மாறுவது என்பது டவுன்லோடு ஆகும் நேரம்தான். பழைய புராஜெக்ட் கோப்புகளை லாஜிக் திறக்காது, மிடியையும் ஆடியோவையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். கை பழகிய ஷார்ட்கட்டுகளை மறந்து புதிதாகப் பழக வேண்டும். எரிச்சலான வேலைதான், ஆனால் முடிகிற வேலை. என் நிலைமை வேறு. நான் வைத்திருந்தது புறம்போக்கு நிலம். உழலாம், விளைவிக்கலாம், வீடுகூடக் கட்டலாம். விற்கவோ மாற்றவோ போனால் பட்டா எங்கே என்பார்கள்.

அவனிடம் "யோசிச்சு சொல்றேன்" என்றேன். அவன் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவனுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அன்று ராத்திரி நானே உட்கார்ந்து விலை போட்டுப் பார்த்தேன். இதுவரை ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்று என்னைக் கேட்டால் பதில் கிடையாது. 2024 நவம்பரில் வந்த எம்4 மேக் மினி, அடிப்படை மாடல், அப்போது இந்தியாவில் 59,900 ரூபாய். லாஜிக்கின் அமெரிக்க விலை 199.99 டாலர், ஒரு தடவை கொடுத்தால் போதும். மேக் வேண்டாமென்றால் ரீப்பர் இருக்கிறது, வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் சாஃப்ட்வேர், தனி ஆளுக்கு 60 டாலர். வாங்காவிட்டால்கூட அது பூட்டிக்கொள்ளாது, வாங்கு என்று ஞாபகப்படுத்துவதோடு சரி. ஃபுரூட்டி லூப்ஸ் என்று ஆரம்பித்த எஃப்எல் ஸ்டூடியோவை ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் அப்டேட் இலவசம். 2018இல் கேக்வாக்கைச் சிங்கப்பூரின் பேண்ட்லேப் வாங்கி, அதன் சோனார் இசை சாஃப்ட்வேரை இலவசமாகவே கொடுத்தது. நான் வறுமையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க, வறியவனுக்கான வழிகள் திறந்தேதான் இருந்தன. என் லெதர் சோபாவின் விலைக்கு ரீப்பரை நாலைந்து தடவை வாங்கியிருக்கலாம்.

விலை உண்மையிலேயே கனப்பது சத்தங்களில்தான். ஆம்னிஸ்பியர் சிந்தசைசர் மட்டும் 499 டாலர். கான்டாக்ட் சாம்பிளருக்குள் வேலை செய்யும் ஸ்டிரிங்ஸ், பித்தளை வாத்தியங்கள், நம்மூர்த் தாளவாத்தியத் தொகுப்புகள் என்று என் ஹார்டு டிஸ்க்கில் டெராபைட் கணக்கில் கிடந்தன. அத்தனைக்கும் விலை போட்டால் ஒரு கார் வரும். ஆனால் பாட்டுகளில் நான் திரும்பத் திரும்ப எடுத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் 'எங்கிட்ட எல்லாம் இருக்கு' என்று சொல்லிக்கொள்வதற்காகச் சேர்த்தது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் அவ்வளவு வாங்கியிருக்கவே மாட்டேன், வாங்கிய ஒன்றிரண்டை ஆழமாகக் கற்றிருப்பேன். திருடியதில் எனக்கு நேர்ந்த நஷ்டம் என்று ஒன்றைச் சொல்ல முடியுமானால் இதுதான். அதற்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

இப்போது ஓர் அம்மாவைப் பற்றி.

பக்திப் பாடகி. பல வருஷங்களுக்கு முன்னால் முருகன் பாடல்கள் ஒரு தொகுப்பு என்னிடம் செய்தார். சொந்தக் காசில், நகையை வைத்துச் செய்தார் என்று பிறகு தெரிந்தது. அண்மையில் போன் செய்து, "தம்பி, வயசாயிடுச்சு, அஞ்சரைக் கட்டை எட்ட மாட்டேங்குது. அஞ்சுக்கு எறக்கி, வாய்ஸ் இல்லாம மியூசிக் மட்டும் போட்டுத் தர முடியுமா? சஷ்டிக்குக் கோயில்ல பாடணும்" என்று கேட்டார். மிருதங்கமும் புல்லாங்குழலும்தான் லைவ், மற்றதெல்லாம் மிடி. அரைநாள் வேலை. புராஜெக்டைத் திறந்தேன். வீணை, ஸ்டிரிங்ஸ், தம்புரா வரவேண்டிய இடமெல்லாம் பிளக்இன் காணவில்லை என்ற செய்தி. இடையில் ஒரு முறை விண்டோஸ் படுத்து, மறுபடி போட்டபோது அந்தக் கிராக்குகள் திரும்ப ஏறவில்லை. வாங்கியிருந்தால் அக்கவுண்ட்டில் போய் மறுபடி இறக்கியிருப்பேன்.

அவரிடம், "ஹார்டு டிஸ்க் போயிடுச்சும்மா, முதல்லேருந்து பண்ணணும்" என்றேன்.

"அடடா, உங்களுக்குத்தான் எவ்வளவு நஷ்டமோ" என்றார்.

முதலிலிருந்து செய்ததற்குப் பணமும் வாங்கினேன். குறைத்துத்தான் வாங்கினேன், குறைத்ததற்கு அவர் நன்றியும் சொன்னார்.

இதையெல்லாம் செய்த நான்தான் ராயல்டி பற்றி மேடையில் பேசுகிறவன். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். என் பாட்டை யாரோ யூடியூபில் ஏற்றியதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், எழுத்தில் மன்னிப்பு வாங்கியிருக்கிறேன். அதே சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரின் திருட்டுப் பிரதியைத் தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று வருஷம்வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம்வரை அபராதம். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன்போலப் பேசுகிற எனக்கு இது தெரியாமல் இல்லை. அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டப் பழகியிருந்தேன்.

ஒரு வேடிக்கை. பழைய சாமான்களை ஒழுங்கு செய்தபோது என் ஆடியோ இன்டர்ஃபேஸ் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு காகிதம்: க்யூபேஸ் ஏஐ, இலவசமாக இறக்கிக்கொள்ள ஆக்டிவேஷன் கோடு. சின்ன பதிப்புதான், டிராக் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆனால் அந்த அம்மாவின் தொகுப்பு மொத்தத்தையும் அதிலேயே செய்திருக்கலாம். எனக்கு நியாயமாகச் சொந்தமான ஒரே சாஃப்ட்வேரை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் மேக் மினி வாங்கினேன், லாஜிக்கும் வாங்கினேன். அதோடு வரும் சத்தங்களை வைத்தே முக்கால்வாசி வேலை நடக்கிறது. இவ்வளவு நாள் ஊரைக் கூட்டி விவாதித்ததற்கு, மாறுவது என்னவோ சப்பென்று இருந்தது. 'விண்டோஸே போதும், க்யூபேஸே போதும், காசு கொடுத்து வாங்கிக்கொள்' என்று அன்று யாராவது சொல்லியிருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் வாங்காதவன் என்று யாருக்கும் தெரியாது. அல்லது தெரிந்தும், அவர்களும் வாங்காததால் வாயைத் திறக்கவில்லை.

திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பழைய பெட்டியை இன்னும் கழற்றவில்லை. போன வாரம் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு "அந்தப் பழைய பேட்தான் சார் வேணும்" என்று டைரக்டர் அடம்பிடித்ததும் அதிலிருந்த கிராக் சத்தத்தைத்தான் போட்டேன். பில்லில் அதற்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மா வரும் தைப்பூசத்துக்குப் புதிதாக ஒரு தொகுப்பு செய்ய வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். முன்பு வாங்கிய பணத்தை மனசுக்குள் கழித்துக்கொண்டு ரேட் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறேன். அப்படிச் செய்தால் ஹார்டு டிஸ்க் கதையைப் பற்றி அவரிடம் வாயே திறக்க வேண்டியதில்லை. அந்த யோசனை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.